என் குரலை நான் அழிக்க மாட்டேன்

எய்யா,

நேற்றுச் சாயந்திரம் நீ போனில் சொன்னதற்கு என் பதில் இது. வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் பெங்களூரில் உனக்கு ஒரு மீட்டிங் முளைத்துவிடும். அதனால்தான், உன் அப்பா பென்ஷன் மனு எழுத வாங்கி மிச்சம் வைத்திருக்கும் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசி வரை படித்துவிட்டு நீ ஏமாற வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழிக்க மாட்டேன். நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் நேற்றுக் காலை நான் மன்னிப்புக் கேட்டுப் பேசிய வாய்ஸ் அங்கேயேதான் கிடக்கும். "நாளைக்கு மேல ஆச்சுன்னா எல்லார் போன்லயும் அழிக்க முடியாதும்மா, இப்பவே பண்ணு" என்று அவசரப்படுத்தினாய். இன்று ஒரு நாள் தாண்டினால் அந்தக் கெடுவும் போய்விடும், நல்லதுதான்.

"யாராவது கேட்டா போனை ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லு. கல்யாணம் முடியட்டும், உனக்கு ஒரு பட்டன் போன் வாங்கித் தாரேன், நிம்மதியா இரு" என்றும் சொன்னாய். ஹேக் பண்ணிக்கொண்டு போக என் போனில் என்ன இருக்கிறது? அருவிப் படமும் உன் சின்ன வயசுப் படமும்தான். போகட்டும். இந்தத் தாள்களைப் படம் பிடித்து அதே குரூப்பில் போடப்போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். அதற்காக உனக்குத் தெரிந்த சங்கதியையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அருவிக்கு இவ்வளவு பக்கத்தில், மேலகரத்தில் வீடு இருந்தால் வருஷத்தில் மூன்று மாதம் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். "தண்ணி விழுதா?" மதுரையிலிருந்து கேட்பார்கள், சென்னையிலிருந்து கேட்பார்கள், துபாயிலிருந்துகூடக் கேட்பார்கள். சில வருஷத்துக்கு முன்னால் விருதுநகரிலிருந்து உன் மாமா குடும்பம் வேன் பிடித்து வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மெயின் அருவி வெள்ளமாகக் கொட்டுவதுபோல ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தார்கள். அது எந்த வருஷத்து வெள்ளமோ. தலை நிறைய நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பன்னிரண்டு பேர் காய்ந்த பாறைக்கு முன்னால் நின்றார்கள். கடைசியில் நம் வீட்டுப் பின்பக்கம் மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்து ஒவ்வொருவராகக் குளித்துவிட்டுப் போனார்கள். உன் மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான், அருவியை நான் மூடி வைத்ததுபோல.

அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் என் காலை வாய்ஸ். ஆறு மணிக்கு அப்பா ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டு மெயின் அருவிக்குப் போவேன், அங்கிருந்து ஐந்தருவிக்குப் போவேன். நின்று கண்ணால் பார்த்துவிட்டு அங்கேயே பேசுவேன். "மெயின் அருவியில பொம்பளையாட்கள் பக்கம் நல்லா விழுது. ஐந்தருவியில இன்னைக்கு அஞ்சுல மூணுலதான். சாரல் இருக்கு, பிள்ளைகளுக்குத் தொப்பி கொண்டுட்டு வாங்க." குளிக்கிற இடத்துப் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், தடை போடுவதற்கு முன்னாலேயே வராதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அவ்வளவுதான். இது யார் யார் குரூப்புக்கோ போய், எனக்கே தெரியாமல் நான் மேலகரத்து அக்கா ஆகிவிட்டேன். தென்காசிச் சந்தையில் கத்தரிக்காய் எடுக்கும்போது என் குரலைக் கேட்டு ஒருத்தி திரும்பி, "நீங்கதான அந்த அருவி அக்கா?" என்று கேட்டாள். பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், ரொம்பவே பெருமையாக இருந்தது. பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். என் வார்த்தையை நம்பி வேன் கிளம்பியது.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை, உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற கோமதியின் சித்தப்பா குரூப்பில் ஒரு வீடியோ போட்டார். குல்லா வைத்த ஒரு பழக்கடைக்காரன் சாக்கடைத் தண்ணீரில் பழத்தை முக்கி எடுத்துக் கூடையில் அடுக்குகிறான். எந்த ஊர் என்று இல்லை. "இவங்க கடையில வாங்காதீங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது, எனக்கும்தான். அப்போதே முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் புதுச் சம்பந்தி வீட்டு ஆள் போட்டது, முதல் ஆளாக நாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு துடிப்பு. வீடியோவில் கடைக்கு மேலே நீலத் தார்ப்பாய் தெரிந்தது. ஐந்தருவி ரோட்டில் தினமும் நான் கடந்து போகிற ஒரு கடையிலும் நீலத் தார்ப்பாய்தான். பட்டனை அமுக்கிப் பேசினேன். "இது நம்ம ஐந்தருவி ரோட்டுல, வளைவு திரும்பினதும் இருக்க நீலத் தார்ப்பாய்க் கடைதான். சீசனுக்கு வாரவுக அங்கன வாங்காதீங்க." தண்ணி விழுது என்று சொல்லும் அதே குரல், அதே நிதானம்.

வீடியோவை அனுப்பியது அவர். ஆனால் அதற்கு ஊரும் ரோடும் வளைவும் கொடுத்தது உன் அம்மா. குரூப்பில் யாரும் இதை மறக்க வேண்டாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் பஞ்சராகி நாங்கள் அருவிப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை காலை போனபோது, வளைவு திரும்பின இடத்தில் அந்தத் தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. ரோடு முழுக்க ரம்புட்டான் நசுங்கி, சிவப்பு முடியும் வெள்ளைச் சதையுமாக அப்பியிருந்தது. பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் பெண்தான் சொன்னாள். "நேத்து ஒரு கூட்டம் வந்து போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரே சத்தம்மா. அந்த அருவி அக்காவே சொல்லிட்டாவன்னு கூடையத் தட்டிவிட்டாவ. அவரும் பொண்டாட்டியும் அப்படியே கெளம்பிப் போயிட்டாவ." அவளுக்கு என் முகம் தெரியாது, குரல் தெரிந்துவிடும் என்று நான் வாயையே திறக்கவில்லை.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி, சனிக்கிழமை நான் பார்க்கவே இல்லை. வீடியோவில் இருந்த பழத்தில் முடியே இல்லை. அது வடக்கே விளைகிற லிச்சி. பிறந்ததிலிருந்து ரம்புட்டான் தின்கிறவளுக்கு, முடியுள்ள பழத்துக்கும் மொழுமொழு பழத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவில் பளீரென்று வெயில், அந்த ஆள் காலடியில் கறுப்பாக நிழல். சனிக்கிழமை காலையில் நானே சாரலில் தொப்பலாக நனைந்துதான் வீட்டுக்கு வந்தேன், அந்த வாரம் முழுக்க ஐந்தருவி ரோட்டில் ஒருத்தருக்கும் நிழல் விழவில்லை. இதற்கெல்லாம் இங்கிலீஷ் வேண்டாம், கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும். எனக்கு இருந்தது. பட்டனை அமுக்கிய வேகத்தில் கண் வேலை செய்யவில்லை.

உன் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தராக இருந்த காலத்தில் வீட்டுக்கு யார் வந்து என்ன சொன்னாலும் ஒன்றுதான் கேட்பார். "பாத்தியா, இல்ல கேட்டியா?" பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி நான் சொன்னாலும் அதே கேள்வி, நீ பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாலும் அதே கேள்வி. நாம் இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்! திங்கட்கிழமை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்ட்டி, வாயத் தொறக்காத. நீயே ஒத்துக்கிட்டா அதுவே கேஸ் ஆயிரும்" என்றார். நானும் திறக்கவில்லை. நான்கு நாள், எய்யா. நான்கு நாளும் ஒன்றும் நடக்காததுபோல, மெயின் அருவியில நல்லா விழுது, ஐந்தருவியில நாலுல விழுது என்று பேசிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் வெட்கப்படுகிற நாட்கள் அவைதான்.

ஐந்தாவது நாள் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. சிப்ஸ் கடைப் பெண்ணிடம் விலாசம் கேட்டு, கடையநல்லூருக்கு பஸ் ஏறப் புறப்பட்டேன். உன் அப்பா வாசலில் நின்று திட்டினார். பிறகு அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏறு, பஸ்ல போயி எங்க எறங்கணும்னு உனக்குத் தெரியாது" என்று ஸ்கூட்டரை எடுத்தார். அந்தக் கடைக்காரர் பெயர் மைதீன். வாசலில் நின்றவாறே, "அந்த வாய்ஸ் பேசினது நான்தான்" என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளே பார்த்து, "ரகுமத்து, அருவி அக்கா வந்திருக்காவ" என்றார். உறவுக்காரி வந்ததுபோலச் சொன்னார்.

அந்த ரகுமத்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யக்கா, தெனமும் உங்க வாய்ஸ் எங்க கடைக்காரங்க குரூப்புல வரும். அஞ்சுலயும் விழுதுன்னு நீங்க சொன்னா நாலு கூடை கூட எடுப்போம், மூணுன்னா கொறைப்போம். அன்னைக்கு உங்க வாய்ஸக் கேட்டதும் நான் இவரத்தான் பாத்தேன். எனக்குத் தெரியாம இவரு எதுவும் பண்ணிட்டாரோன்னு. பதினெட்டு வருசம் கூட இருக்கேன், யக்கா. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன்." மைதீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பார்வைதான்க்கா எனக்குப் பொறுக்கல. கூடையக் கொட்டினதுகூடப் போகட்டும்" என்றார். அழுதேன். அவர்கள் வீட்டில் தேயிலைத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். இந்த சீசனுக்கு இனிக் கடை போடப்போவதில்லை என்றார்கள்.

சொல், நான் எதை அழிக்க வேண்டும்? திரும்பி வந்து மறுநாள் காலை குரூப்பில் பேசினேன். வீடியோ நம் ஊர் இல்லை, பழம் ரம்புட்டான் இல்லை, கடையைக் காட்டிக்கொடுத்தது என் வேலை, அது பொய், அதைக் கேட்ட ஒவ்வொருவரும் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கே இதையும் அனுப்புங்கள் என்றேன். யார் போட்ட வீடியோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் கோமதியின் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மதினி, வீடியோ பொய்யாவே இருந்தாலும் நாலு பேர் உஷாரா இருக்கது நல்லதுதான?" என்று போட்டார். அதற்குப் பதினேழு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். சாயந்திரத்துக்குள் உனக்குப் போன் வந்துவிட்டது, உன்னிடமிருந்து எனக்கு வந்துவிட்டது.

அவருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அண்ணாச்சி, நல்லது இல்லை. பொய்யை வைத்து ஒருத்தரும் உஷாராக முடியாது. அடுத்த வருஷம் உண்மையாகவே ஒரு கடையில் கெட்ட பழம் விற்றால், அன்றைக்கு நான் சொல்வதை எவன் நம்புவான்? என்னைக் கேட்டுத் தண்ணீருக்குப் போகிறார்கள், அண்ணாச்சி. வளைவைத் தாண்டி வெள்ளம் வருது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாங்க என்று நான் சொல்லும் நாளில் அவர்கள் நம்பியே ஆக வேண்டும். இது விளையாட்டுக் காரியம் இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜில் படிக்கும்போது இலஞ்சி ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் மேல் பைக்கை ஏற்றினாய். அன்றைக்கு உன் பைக்கைப் பிடுங்கிக்கொண்டு நடந்து போ என்று சொன்னோமா? ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய் அந்த மனுஷனுக்கு ரொட்டியும் பாலும் கொடுத்துவிட்டு வரச் சொன்னோம். நீயும் போனாய், மூன்றாம் நாளிலிருந்து நாங்கள் சொல்லாமலே போனாய். அதன் பிறகு நீ வண்டி ஓட்டுகிற விதமே மாறிவிட்டது. எனக்கு மட்டும் எதற்கு பட்டன் போன்?

அதைவிட ஒரு பழைய தப்பு இருக்கிறது, அது என் தப்பு. படிப்பு முடித்த வருஷம் கொச்சியில் வேலை என்று ஒரு மெயில் வந்தது. நீ சர்டிபிகேட் எல்லாம் அனுப்பினாய். நீ ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே நான் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டேன். அங்கே போனால் அப்படி ஒரு கம்பெனியே இல்லை. அப்பா போய் உன்னைச் செங்கோட்டை வழியாகக் கூட்டிவந்தார். தெருவில் கேட்டவர்களிடம் நான் என்ன சொன்னேன்? "அந்தக் கம்பெனி சரியில்ல, இவனே வேண்டாம்னு வந்துட்டான்." நீ உள்ளே படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நேற்று நீ ஹேக் என்று சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் நேற்று நீ எனக்குத் திருப்பிச் சொன்னாய். நான்கு பேரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் அதே மெயிலை நம்பிக் பக்கத்துக் குத்துக்கல்வலசைப் பையன் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டான். அவன் போனான். அது உனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நான் சொல்லவில்லை.

பட்டன் போன் நிம்மதி என்கிறாய். யாருக்கு நிம்மதி? நம் தெருவில் பீடி சுற்றுகிற பெண்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் போன் கிடையாது. ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் சேர்க்க வேண்டும் என்றால் ஓ.டி.பி. நம்பர் வருவது புருஷன் போனுக்கு, அவன் கேரளாவில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பான். அந்த நம்பரைக் கேட்டு வாங்கி, என் போனில் அடித்து, கார்டை வாங்கிக் கொடுப்பது யார்? கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒரு விரலால் அடிக்கிற உன் அம்மாதான். அவர்கள் கைக்குப் போனே வரவில்லை, என் கைக்கு வந்ததையும் பிடுங்கி வைப்பாயா? தப்புப் பண்ணினவள் சும்மா இருக்கட்டும் என்றால், இந்த குரூப்பில் முதலில் சும்மா இருக்க வேண்டியவர்கள் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள். கொச்சிக்குப் போனது நான் இல்லை.

கோபப்படாதே. உன்னைக் குத்திக்காட்டத்தான் எழுதினேன், மறைக்கவில்லை. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. ஆனால் ஒன்று கேட்கிறேன். "அவங்க வீட்டுல என்ன நெனைப்பாங்க" என்று ஆறு தடவை சொன்னாயே, கோமதி என்ன நினைக்கிறாள் என்று அவளை ஒரு தடவையாவது கேட்டாயா? மாமியாராக வரப்போகிறவள் தப்பை ஒத்துக்கொள்கிறவளா, இல்லை போன்மேல் பழி போடுகிறவளா என்று தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. இதற்காக நிற்கிற கல்யாணம் என்றால் நிற்கட்டும், நான் உன்னோடு உட்கார்ந்து அழுகிறேன். ஆனால் ஆவணியில் அது நடந்தால், நம் பக்கத்துத் தட்டில் வைக்கிற பழம் மைதீன் கடையிலிருந்துதான் வரும். கடை இல்லையென்றால் கடையநல்லூருக்கே போய்க் கேட்பேன். நீயும் கூட வந்து கூடையைத் தூக்க வேண்டும். சித்தப்பாவுக்கு முதல் பழத்தை நானே உரித்துக் கொடுக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். இன்று காலை வழக்கம்போல அருவிக்குப் போய்விட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். மெயின் அருவி நல்லா விழுது, ஐந்தருவியில நாலு என்று போட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டதாக நீல டிக் விழுந்தது. ஒருத்தரும் ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. பரவாயில்லை என்று சொல்லமாட்டேன், வலித்தது. நாளைக்கும் போடுவேன்.

இப்போது மணி பதினொன்று. புது நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. ரகுமத்து. "யக்கா, காலையில நாலுன்னியளே. மேல மழை பெய்யுதாம்லா. இப்ப எத்தனையில விழுது? நாளைக்குக் கூடை எடுக்கலாமான்னு இவரு கேக்காரு."

நான்கு தடவை கேட்டேன். எழுதியதை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கொல்லையிலிருந்து பார்த்தேன். மலை முழுக்க மேகம் இறங்கி மூடிக் கிடக்கிறது. இப்படி மூடினால் ஐந்திலும் விழும், இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? விரல் பட்டன் வரைக்கும் போய்விட்டது. எடுத்துவிட்டேன். "போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் அவளுக்குப் போட்டிருக்கிறேன். உன் அப்பா ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டார், ஹாரனை அடிக்கிறார். செருப்பைத் தேடிக்கொண்டே இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

உன் அம்மா